மேட்டிலிருந்து பார்த்தல்: சேதுக்கரையும் காமிராவும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மலை கிடையாது. பரமக்குடி தாண்டிக் கிழக்கே வரவர நிலம் தட்டையாகிக்கொண்டே போகும். கண்மாய்க் கரையும் பனையும்தான் உயரம். மண்டபத்தை நெருங்கும்போது அதுவும் குறைந்து மணல், உடைமரம், கடல். இப்படியொரு கரையை வைத்துக்கொண்டு நிலக்காட்சிப் புகைப்படத்தின் வரலாற்றில் என்னத்தைப் பேச முடியும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிலக்காட்சி என்றதும் மனதில் வருவது பனிமுகடும் அருவியும் பள்ளத்தாக்கும்தானே. வங்கிக் காலண்டரிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் தொங்குவது அதுதான். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மலை இல்லாத இடத்தில் நின்று பார்த்தால்தான் மலைப்படம் என்பது உண்மையில் எதைப் படமெடுக்கிறது என்பது தெரியவரும் என்று எனக்குப் படுகிறது.

தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து. ஆனைமலை, முதுமலை, முக்குருத்தி மூன்றும் மலை சார்ந்தவை. கிண்டி, நகரத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட காடு. ஐந்தாவது மன்னார் வளைகுடா. மண்டபம் தொடங்கித் தூத்துக்குடி வரை சங்கிலிபோலக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர். 1986இல் அறிவிக்கப்பட்டது. 1989இல் இதை உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. மலைக்கும் காட்டுக்கும் செய்த ஒரு சட்டத்தைத் தூக்கி அப்படியே கடலின் மேல் வைத்திருக்கிறார்கள். தமிழில் படத்தை மாட்டுகிற மரச்சட்டமும் சட்டசபையில் இயற்றுகிற சட்டமும் ஒரே சொல். தற்செயல்தான். ஆனாலும் இந்தக் கட்டுரை முழுக்க எனக்கு அந்தச் சொல் உதவப்போகிறது. நம் கரைக்கு வருவதற்கு முன்னால் அந்தச் சட்டம் எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது என்பதைப் பார்த்துவிடலாம்.

கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற புகைப்படக்காரர் 1861இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குக் கோவேறு கழுதைகளில் தன் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். பதினெட்டுக்கு இருபத்திரண்டு அங்குலக் கண்ணாடித் தகடுகள். செங்குத்துப் பாறைகள், அருவிகள், அசையாத நீரில் தலைகீழாகத் தெரியும் முகடுகள். அந்தப் படங்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போயின. 1864 ஜூன் 30 அன்று அந்தப் பள்ளத்தாக்கைப் பொது மக்களின் உல்லாசத்துக்கென ஒதுக்கிவைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அந்த இடத்தை அவர் கண்ணால் கண்டதே இல்லை. 1871இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எல்லோஸ்டோனைப் படமெடுத்தார். 1872 மார்ச் 1 அன்று அது உலகின் முதல் தேசியப் பூங்காவானது. படம் முன்னால் வந்தது, சட்டம் பின்னால் வந்தது.

வாட்கின்ஸின் படங்களில் நாம் காண்பது மனிதக் கை படாத இயற்கை என்று சொல்லப்படுகிறது. ஆனால் 1851இலேயே மாரிபோசா பட்டாளம் என்ற ஆயுதக் குழு அந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களைத் துரத்தியிருந்தது. பிறகு திரும்பி வந்து ஓரமாகக் குடியிருந்தவர்களின் கடைசிக் குடியிருப்பும் 1969இல் பூங்கா நிர்வாகத்தால் அழிக்கப்பட்டது. ஆக அந்தப் படங்களின் வெறுமை இயற்கையின் வெறுமை அல்ல, வெறுமையாக்கப்பட்ட வெறுமை. காமிரா அதைச் செய்யவில்லை, சரி. ஆனால் அதை அழகு என்று பெயர் மாற்றிக் கொடுத்தது காமிராதான்.

இந்தியாவுக்கு இந்தக் கண் சாமுவேல் போர்னுடன் வந்தது. 1863க்கும் 1866க்கும் இடையே மூன்று முறை இமயமலைப் பயணம் போனார் மனிதர். மூன்றாவது பயணத்தில் 18,600 அடி உயரத்தில் மணிருங் கணவாயில் படமெடுத்தார். அந்தக் காலத்தில் அவ்வளவு உயரத்தில் யாரும் படமெடுத்ததில்லை. கண்ணாடித் தகடு, ரசாயனப் பெட்டி, இருட்டுக் கூடாரம், சாப்பாடு, மது எல்லாவற்றையும் தலையில் சுமந்தவர்கள் பத்துக்கணக்கான மலைவாசிக் கூலிகள். அவர் எழுதிய பயணக் குறிப்புகளில் இவர்கள் அடிக்கடி வருகிறார்கள், தொந்தரவாக. படங்களில் அநேகமாக இல்லை. இருந்தால் பாறை எவ்வளவு பெரிது என்று காட்டும் அளவுகோலாக ஒரு மூலையில் நிற்பார்கள். இவருக்கு முன்பே சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரைக்கு வந்து யானைமலையை எடுத்திருக்கிறார். திருச்சி மலைக்கோட்டையை எடுத்திருக்கிறார். அந்த ஆண்டு அவர் வெளியிட்ட தொகுதிகளின் தலைப்புகளில் ராமேஸ்வரம் இல்லை. மலை நின்ற இடத்தோடு காமிராவும் நின்றுவிட்டது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உண்மைக் காரணம் வழியும் நாளும் போதாதது என்பதாகவும் இருக்கலாம்.

இங்கே 'நிலக்காட்சி' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இது நம்முடைய பழைய சொல் அல்ல. ஓவியத்திலும் புகைப்படத்திலும் வெளியிலிருந்து வந்த ஒரு வகைமைக்கு நாம் செய்துகொண்ட பெயர். தொல்காப்பியத்தில் நிலம் முதற்பொருள். அதோடு நிற்பதில்லை. கருப்பொருள் என்று தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன. தொழிலைக் கழித்துவிட்டு நெய்தலைச் சொல்ல முடியாது. உடனே திணைக் கோட்பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, பார்த்தீர்களா நம் முன்னோரை என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. திணையும் ஒரு வகைப்படுத்தல்தான், அதற்குள்ளும் அதிகாரம் இருக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நிலத்தோடு 'காட்சி' என்ற சொல் சேரும்போது, பார்ப்பவன் நிலத்துக்கு வெளியே போய் நின்றுகொள்கிறான். ஜான் பெர்ஜரும் சூசன் சொன்டாக்கும் எழுபதுகளில் பார்வைக்கும் உடைமைக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

*

ராமேஸ்வரத்துக்குக் காமிரா வந்தபோது முதலில் அகப்பட்டது மலையோ கடலோ அல்ல, கோயிலின் மூன்றாம் பிரகாரம். 18ஆம் நூற்றாண்டில் சேதுபதிகள் கட்டிமுடித்தது. 1,212 தூண்கள். நான்கு புறமும் சேர்த்தால் 3,850 அடி நீளம் என்று கணக்குச் சொல்வார்கள். 1876இல் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன் இக்கோயிலின் அமைப்பைக் குறை சொன்னாலும் பிரகாரத்தின் முன் வாயடைத்துப் போகிறார். இன்று வானுயர நிற்கும் கிழக்குக் கோபுரம், 126 அடி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் முழுமை பெற்றது. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் காமிராவுக்கு ராமேஸ்வரத்தின் அடையாளம் உயரம் அல்ல, நீளம்.

நான் பார்த்த பழைய பிரகாரப் படங்களில் ஒன்று ஆளே இருப்பதில்லை, இல்லையென்றால் தூணோரம் சிலைபோல நிறுத்தப்பட்ட ஓரிருவர் இருப்பார்கள். ராமேஸ்வரம் பிரகாரம் அப்படியா இருக்கும்? இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு கூட்டம் ஓடிக்கொண்டே இருக்குமே, தரை காயவே காயாதே. விஷயம் ரசாயனத்தில் இருக்கிறது. ஈரக் கொலோடியன் தகட்டுக்கு வெயிலில் சில நொடிகள் போதும். வெளிச்சம் குறைந்த கல்மண்டபத்தில் நிமிடக்கணக்கில் மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரத்தில் நடந்து போகிறவர் தகட்டில் பதியவே மாட்டார். நின்றவர் பதிவார், கல் பதியும். நடமாட்டம்தான் அந்த இடத்தின் உயிர் என்றால், அதை மட்டும் சரியாக வடிகட்டிவிட்டது அந்தத் தொழில்நுட்பம். பிறகு இந்த வெறுமையே 'திராவிடக் கட்டடக்கலையின் மகத்துவம்' என்று புத்தகத்துக்குப் புத்தகம் அச்சேறியது. 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வழிபாட்டுக்கு இடைஞ்சல் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் பக்தர்கள் கையிலிருந்து எடுக்கப்படும் கூட்ட நெரிசலான, கோணல்மாணலான படங்கள் நின்றுபோக, ஆளில்லாப் பிரகாரம்தான் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது.

சரி, மலை. ராமேஸ்வரத்தில் ஒரு மலை இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம். கந்தமாதன பர்வதம். ராமர் பாதம் என்றால் ஆட்டோக்காரருக்கு உடனே தெரியும். கோயிலுக்கு வடக்கே ஒரு மணல்மேடு, அதன்மேல் இரண்டடுக்கு மண்டபம். தீவிலேயே உயர்ந்த இடம் அதுதான். ஒரு மணல்மேட்டுக்குப் 'பர்வதம்' என்ற பெயர் ஏன் வந்தது? புராணம் சொல்லும் காரணம் ஒருபுறம் இருக்கட்டும். மேலே ஏறிப் பார்த்தால் புரியும். சுற்றிலும் பனங்காடு, கூரைகள், தூரத்தில் கடல், ஊர் முழுக்க ஒரே பார்வையில் காலடியில் கிடக்கிறது. மலை என்பது இங்கே ஒரு பொருள் இல்லை. பார்ப்பதற்கான ஒரு நிலை. கல்லும் பனியும் அதற்குத் தேவையே இல்லை.

இப்படிப் பார்த்தால் இந்தக் கரையின் புகைப்பட வரலாறு என்பது உயரம் தேடிய வரலாறு. 1914 பிப்ரவரியில் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், கப்பல் போக நடுவில் இரு கையாகத் திறக்கும் தூக்குப் பாலம். இன்று நாம் எல்லோரும் அறிந்த அந்தப் படம், நீலக் கடலின்மேல் ஒரு கோடாகப் பாலம், அதன்மேல் ஊர்ந்து வரும் ரயில், மேலிருந்து சாய்வாக, அதை 1988க்கு முன்னால் யாரும் நின்ற இடத்திலிருந்து எடுத்திருக்க முடியாது. அந்த ஆண்டு அக்டோபரில் பக்கத்தில் உயரமான சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அன்று முதல் ரயில் பாலம் கடக்கும் பொருளாக இருந்தது போய்ப் பார்க்கும் பொருளாகிவிட்டது. பஸ், வேன், கார் எல்லாம் நடுப்பாலத்தில் நின்றுவிடும். கைப்பிடிச் சுவரோரம் வரிசையாகக் காமிராக்கள். மலையில்லாத ஊருக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த மலை அது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 முதல் அருகிலேயே புதிய செங்குத்துத் தூக்குப் பாலம். படம் மட்டும் அதே கோணத்தில் தொடர்கிறது. கீழே பாம்பன் படகுத்துறையிலிருந்து, தண்ணீர் மட்டத்திலிருந்து அந்தப் பாலம் எப்படித் தெரியும் என்று யாருக்கும் தெரியாது. படகில் போகிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் படமெடுப்பதில்லை.

அடுத்த உயரம் விண்வெளி. 1966 செப்டம்பரில் ஜெமினி 11 விண்கலத்திலிருந்து கான்ராடும் கோர்டனும் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே சட்டத்துக்குள், இரண்டுக்கும் நடுவே சேதுத் திட்டுகள். என் பள்ளிப் புவியியல் பாடத்தைவிட அந்த ஒரு படம் எனக்கு அதிகம் சொல்லியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. அதற்கு இருபத்தோரு மாதம் கழித்து எடுத்த படத்தில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. அந்த உயரத்திலிருந்து தெரிய வாய்ப்பும் இல்லை. மேலே போகப்போக நிலம் அழகாகிறது, நடந்தது மறைகிறது.

2002இல் இன்னொரு விண்வெளிப் படத்தை வைத்துக்கொண்டு, சேதுத் திட்டு மனிதர் கட்டியது, 17 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்று நாசாவே சொல்லிவிட்டது என ஒரு செய்தி பரவியது. படம் எங்களுடையது, விளக்கம் எங்களுடையது இல்லை. படத்தை வைத்து வயதையோ யார் செய்தது என்பதையோ சொல்ல முடியாது என்று நாசா மறுத்தது. 2005 ஜூலையில் மதுரையில் சேது சமுத்திரத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டு, 2007இல் உச்ச நீதிமன்றத்தில் முட்டி நின்றது. அந்த வழக்கின் சட்டப் பிரச்சினைகளுக்குள் நான் போகவில்லை. என் கவனம் படத்தின்மேல். தோண்டு என்றவர்களும் தோண்டாதே என்றவர்களும் இந்தக் கடலை வரைபடத்தின் உயரத்திலிருந்தே பார்த்தார்கள். அந்தத் திட்டுகளுக்கு நடுவே வலை விடுகிறவர்கள் இரண்டு பார்வைக்கும் புள்ளியாகக்கூடத் தெரியவில்லை.

தனுஷ்கோடியின் இடிபாடுகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஆனால் அதிகம் சொல்லவும் மனமில்லை. கூரையில்லாத தேவாலயம், ரயில் நிலையத்தின் எலும்பு, தண்ணீர்த் தொட்டி. புகைப்படக் கண்காட்சிகளில் கறுப்பு வெள்ளையில் வருடாவருடம் வந்துகொண்டிருக்கிறது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு கேட்கவே வேண்டாம். வாழத் தகுதியற்றது என்று அரசு சொன்ன அந்த மணலில் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. சங்கு, பாசிமணி விற்கிற ஒரு பையனிடம், "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, சர்ச் மட்டும் வரட்டும்" என்று ஒருவர் சொன்னதை நானே கேட்டேன். பையன் தள்ளி நின்றான். அவனுக்குப் பழகிப்போயிருந்தது. யோசெமிட்டியில் பட்டாளம் செய்த வேலை இங்கே ஒரு மரியாதையான வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அப்படியானால் இந்தக் கரையின் மனிதர்களை யாருமே படமெடுக்கவில்லையா? எடுத்தார்கள். ஏராளமாக எடுத்தார்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கி மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட ஒவ்வொருவரையும் எடுத்தார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின், கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு அடையாள அட்டை கொடுப்பதற்காக ஒவ்வொருவரையும் எடுத்தார்கள். நெஞ்சுக்கு மேலே, நேராகப் பார்த்து, சிரிக்காமல், பின்னால் வெற்றுச் சுவர் அல்லது வெள்ளைத் துணி. பாஸ்போர்ட் சைஸ். இரண்டு வகைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மனிதர் இல்லாத நிலம். மற்றொன்றில் நிலம் இல்லாத மனிதர். முதலாவது சுற்றுலாத் துறைக்கும் கண்காட்சிக்கும் போகிறது. இரண்டாவது காவல் துறைக்கும் கோப்புக்கும் போகிறது. இரண்டும் சேர்ந்த ஒரு படம், ஒரு பெண் தன் கடலில் தன் வேலையில் இருக்கும் படம், எந்தக் கோப்புக்கும் தேவைப்படவில்லை.

*

அந்தப் பெண் தண்ணீருக்குள் இருக்கிறாள். பாம்பன், சின்னப்பாலம், மண்டபம், ஏர்வாடிப் பக்கத்துக் கடலோர ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசி எடுக்கிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, மாதத்தில் பன்னிரண்டு நாள்போல. விடியுமுன் படகில் போய்த் தீவோரத்துப் பாரில் இறங்கி, சேலைமேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, முகத்தில் முங்குகிற கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப் பாசி என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனிப் பருவம், தனி விலை. மரிக்கொழுந்து அகர்அகர் ஆகிறது. கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினிக் அமிலம் எடுக்கிறார்கள். நாம் சாப்பிடும் ஐஸ்கிரீமிலும் துணிக்கு ஏற்றும் சாயத்திலும் அவர்கள் மூச்சு இருக்கிறது.

முங்குகிற கண்ணாடியும் ஒரு கண்ணாடிதான், காமிரா லென்சும் ஒரு கண்ணாடிதான். ஒன்று மேலிருந்து தூரத்தைப் பார்க்கிறது, மற்றது முகத்துக்கு ஒரு முழம் முன்னால் பாறையைப் பார்க்கிறது. முன்னதற்கு அடையாளச் சின்னம் என்பது படமெடுக்க வேண்டிய இடம். கடலில் போகிறவர்களுக்கு அடையாளம் என்றால் வேறு. கன்னியாகுமரிப் பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடு ஒன்றையும் கரையிலிருக்கும் தேவாலயக் கோபுரத்தையும் நேர்ப்படுத்திப் பார்த்து, கடலுக்கடியில் எந்தப் பார்மேல் நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பார்கள். அங்கே மலை கடலுக்குள் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. மலை இல்லாத நம் கரையில் அந்த வேலையைக் கோயில் கோபுரமும் பனைக்கூட்டமும் விளக்குக்கூண்டும் டிவி கோபுரமும் செய்தன. ஜிபிஎஸ் வந்த பிறகு குறைந்துவிட்டது, ஆனால் வயதானவர்களுக்கு இன்னும் தெரியும். தீவுகளின் பெயரையே கேளுங்கள்: நல்லதண்ணி, உப்புத்தண்ணி, ஆனைப்பார், முயல் தீவு. குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும், பாறை எங்கே இருக்கிறது என்று இறங்கிப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். காட்சிக்காக வைத்த பெயர் ஒன்றுகூட இல்லை.

பூங்காவின் கெடுபிடி 2000க்குப் பிறகுதான் உண்மையில் இறுகியது. தீவில் கால் வைக்கக்கூடாது, தீவைச் சுற்றிப் பாசி எடுக்கக்கூடாது. படகு பிடிபடும், அபராதம் விழும். சின்னப்பாலத்தில் ஒரு அக்கா சொன்னார்: "எங்கம்மா இந்தத் தீவுல கஞ்சி காய்ச்சிக் குடிச்சுட்டு ராத்தங்கிப் பாசி எடுத்திருக்கு. இப்ப நாங்க திருடி மாதிரி போறோம், திருடி மாதிரி வர்றோம்." 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையில், வாழிடத்தின் பகுதியான நீர்த் தாவரமும் வன உயிர்தான். அதாவது பாசியும் புலியும் சட்டத்தின் கண்ணில் ஒரே குடும்பம். தேசியப் பூங்காவிலிருந்து இரண்டையும் எடுத்துவரக் கூடாது.

பவளப்பாறைக்கு ஆபத்தில்லை என்றோ, பிடுங்கும் கைகளால் அதற்குக் கேடே இல்லை என்றோ நான் சொல்லமாட்டேன். பாறையைச் சுரண்டி எடுத்தால் பவளம் உடையத்தான் செய்யும். ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று கடலுக்குள் போய்விட்டன. காரணம் பாசி அல்ல. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை ஆண்டாண்டு காலமாக வெட்டி எடுத்தது. 2001இல் பவளம் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது, வெட்டுவது 2005 வாக்கில்தான் நின்றது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் வெப்பம் கூடிப் பவளம் வெளுத்துச் செத்தது. அதற்கும் அந்த விரல்களுக்கும் சம்பந்தமில்லை. பாசியை எடுக்காதே, வளர்த்துக்கொள் என்று சொல்லி, வெளிநாட்டுப் பாசி ஒன்று பாக் நீரிணைப் பக்கம் மிதவைகளில் வளர்க்கப்பட்டது. பெப்சி நிறுவனம் கொண்டுவந்ததால் ஊரில் அதற்குப் 'பெப்சிப் பாசி' என்றே பெயர். அது குருசடைத் தீவுக்குத் தப்பிப் போய் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை 2008இல் விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். 2023இல் இதே மாவட்டத்தில் வலமாவூரில் கடற்பாசிப் பூங்கா ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார்கள். மறுபடியும் பூங்கா!

இப்போது கடலுக்கடியிலும் காமிரா போகிறது. மன்னார் வளைகுடாவைப் பற்றிய சுவரொட்டிகளில், சிறு வெளியீடுகளில் வரும் பவளப் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? அகலக் கோண லென்ஸ், மேலிருந்து சரிந்து விழும் ஒளி, அடுக்கடுக்காக எழும் பாறை, ஓரிரு மீன். மனிதக் கை கால் ஒன்றும் கிடையாது. யோசெமிட்டியைத் தண்ணீருக்குள் கட்டியிருக்கிறார்கள். கடைசியில் நம் மாவட்டத்துக்கும் மலை கிடைத்துவிட்டது.

சட்டத்துக்கு வருகிறேன். சரணாலயத்துக்குள் நுழைய யாருக்கு அனுமதி தரலாம் என்று அதன் 28ஆம் பிரிவு சொல்கிறது. தேசியப் பூங்காவுக்கும் அதே பிரிவு பொருந்தும். ஐந்து காரணங்கள்: வன உயிர் பற்றிய ஆய்வு, புகைப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு சட்டப்படியான வியாபாரம். குடியிருப்பவரே இல்லாத தீவில் ஐந்தாவதற்கு அர்த்தமில்லை. மீதி நான்கும் பார்ப்பவர்களுக்கு உரியவை. புகைப்படம் இரண்டாவது இடத்தில் தனியாக, பெயர் சொல்லி நிற்கிறது. வாட்கின்ஸ் கழுதையில் ஏற்றிக்கொண்டு போன காமிராவுக்கு இந்தியச் சட்டம் எழுதிக் கொடுத்த நுழைவுச் சீட்டு இது. காமிராவோடு ஒருவர் விண்ணப்பித்தால் முயல் தீவில் இறங்க வழி இருக்கிறது. பைவலையோடு ஒருத்தி விண்ணப்பிக்க அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது. அண்மை ஆண்டுகளில் குருசடைக்கு வனத்துறையே சுற்றுலாப் படகு விட்டது, அதற்கு நாலாவது காரணம் போதும். அதே தீவோரத்தில் பாசி எடுத்தவர் அந்தப் படகில் டிக்கெட் எடுத்து ஏறி, பார்வையாளராகத் தன் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். அதற்குத் தடையில்லை.

பாசி எடுக்கும் பெண்கள் இத்தனை வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. தங்களையும் மீன் பிடிப்பவர்களாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். தீவை விட்டுத் தள்ளி எங்கே, எந்த மாதம், எந்தப் பாசி எடுக்கலாம் என்று தங்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். "அடியோட பிடுங்குனா அடுத்த வருசம் எங்க போறது? எங்களுக்குத் தெரியாதா?" என்று அதே அக்கா கேட்டார். 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 28ஆம் பிரிவையும் திருத்தினார்கள். புகைப்படத்தோடு திரைப்படம் எடுப்பதையும் சேர்த்து, வாழிடத்தில் மாற்றமோ வன உயிருக்குப் பாதிப்போ இல்லாமல் செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதினார்கள். பாசி எடுப்பவருக்கு அதே நிபந்தனையோடு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.